கடைசி மடக்கு

ஜனவரி 8

புது வருடம் பிறந்தால் நாட்குறிப்பு எழுத ஆரம்பிப்பதும், பொங்கலுக்குள் கைவிடுவதும் என் வழக்கம். இந்த முறை எட்டாம் தேதிதான் தொடங்குகிறேன். தாமதமாகத் தொடங்கினால் தாமதமாகக் கைவிடலாம் என்று ஒரு கணக்கு.

இன்று கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் நாடகம். நான் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு. துறையில் சில பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பால்வினை நோய்களைப் பற்றி நாடகம் போடுவோம். கதை என்னுடையது. அதில் என் வகுப்புக் கிளாட்வின் லாரி டிரைவர், ஊர் ஊராகச் சுற்றி நோயை வாங்கிக்கொண்டு வருகிறவன். அவன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைக்கு வந்தாலே பையன்கள் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். நான் டாக்டர். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் கடன் வாங்கிய ஸ்டெதாஸ்கோப், பேச்சியம்மாள் என்ற பெயருக்கேற்ற வாய். "பயப்படாதீங்க. ஒரு ஊசி, கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான்" என்று நான் சொன்னால் மைக் இல்லாமலே பின்வரிசைக்குக் கேட்கும்.

நாடகத்தின் உச்சம் ஒரு கிளாஸ் டீ. நோயாளி பாதி குடித்த டீயை டாக்டர் வாங்கி மீதியைக் குடிக்க வேண்டும். தொட்டால் வராது, கூட உட்கார்ந்து சாப்பிட்டால் வராது, எச்சில் கிளாசில் குடித்தாலும் வராது என்று வாயால் சொன்னால் ஒருவனும் நம்ப மாட்டான். குடித்துக் காட்டினால் முதலில் "ச்சீ" என்று ஒரு சத்தம் வரும், அப்புறம் கைதட்டல் வரும். டீ நிஜ டீதான், அந்தந்தக் கல்லூரி வாசல் கடையில் வாங்குவது.

எனக்கும் கிளாட்வினுக்கும் மட்டும் தெரிந்த ஒரு வழக்கம் உண்டு. நான் கடைசி மடக்கை மிச்சம் வைப்பேன். நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் அவன் அதைக் குடிப்பான். "டாக்டர் குடுத்த மருந்து" என்பான். இதைத் தவிர எங்களுக்குள் ஒன்றுமில்லை. எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

வேனில் திரும்பும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஏப்ரல்ல ஒடிசாவுக்கு வேலைக்குப் போயிருவேன், தெரியும்லா. மார்ச்சுல நமக்குக் கடைசி ஷோ. அதுக்குள்ள ஒரு பதில் சொல்லிரு பேச்சி. உண்டுன்னா உண்டு, இல்லன்னா இல்ல."

"நீ கேள்வியே கேக்கலியே."

"கேள்வி உனக்குத் தெரியும்."

தெரியும். பதிலும் தெரியும். தூத்துக்குடிக்காரனைக் கொஞ்சம் காயப்போடலாம், கருவாடு காய்ந்தால்தான் ருசி என்று இருக்கிறேன்.

உள்ளங்கையில் சிவப்பாகச் சில புள்ளிகள். அரிப்பு இல்லை. புதுச் சோப்புத்தூள் சேரவில்லை போலிருக்கிறது.

ஜனவரி 10

சபரிநாதன் போன் செய்தான். எடுக்காமல் இருந்திருக்கலாம்.

ஜனவரி 11

துணி துவைத்தேன். பழைய சோப்புக்கட்டிக்கே திரும்பிவிட்டேன். மாடிக் கம்பியில் இடமில்லாமல் பாதித் துணியை அறை ஜன்னலில் போட்டேன். அறைத்தோழி பர்வீனுக்கும் எனக்கும் இதில் சண்டை வரும். இன்று வரவில்லை.

"என்னட்டி, நேத்து போன் வந்ததுல இருந்து மொகமே செத்துக் கெடக்கு. யாரு?" என்று கேட்டாள்.

"இன்சூரன்ஸ்காரன்."

"இன்சூரன்ஸ்காரனுக்கா அழுத?"

நான் அழவில்லை. சோப்பு.

சபரி எனக்கு முன்னால் இங்கே படித்தவன், இப்போது பெங்களூரில் வேலை. ஒன்றரை வருடம் பழகினோம். போன டிசம்பர் முதல் வாரம் அவன் நண்பன் கல்யாணத்துக்காக மதுரைக்குப் போனோம். திரும்பி வரும்போது இதோடு போதும் என்று நான்தான் சொன்னேன். அவனுக்கும் அது பெரிய வருத்தமாகத் தெரியவில்லை. கல்யாணச் சாப்பாடு நன்றாக இருந்தது. மதுரையில் ஒரு ராத்திரி தங்கினோம். வேறென்ன எழுத?

போனில் அவன் சொன்னது இவ்வளவுதான்: "கோவிக்காத பேச்சி. எனக்கு ரத்தத்துல சிபிலிஸ் இருக்குன்னு வந்துருக்கு. ஊசி போட்டாச்சு. எங்கூடப் பழகினவங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க டாக்டர். நீயும் ஒரு தடவ பாத்துக்க. எச்.ஐ.வி.யும் சேத்துப் பாத்துரு."

சொன்னானே, அந்த மட்டுக்கும் யோக்கியன். ஆனால் நோய் அவனுக்கு, ஊசியும் அவனுக்குப் போட்டாயிற்று. எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. நன்றாகப் பசிக்கிறது.

ஜனவரி 19

பொங்கலுக்கு சங்கரன்கோவிலில் வீட்டில் இருந்தேன். அம்மா கரும்பைச் சீவிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நான் கடித்து வைத்த துண்டைத் தம்பி எடுத்தபோது அவன் கையைத் தட்டிவிட்டேன். அம்மா திட்டினாள்.

இன்று தென்காசிப் பக்கம் நாடகம். டீ குடித்தேன். "ச்சீ" வந்தது, கைதட்டலும் வந்தது. மேடைக்குப் பின்னால் கிளாட்வின் கையை நீட்டிக்கொண்டு நின்றான். நான் மிச்சத்தைத் தரையில் ஊற்றினேன்.

"என்ன டாக்டரே, மருந்து தீந்துட்டோ?"

"ஈ விழுந்துட்டு."

ஈ விழவில்லை. எச்சில் கிளாசால் ஒன்றும் வராது என்று கொஞ்சம் முன்னால்தான் முந்நூறு பேருக்கு முன்னால் அடித்துச் சொல்லியிருந்தேன். அந்தக் கணீர்க் குரலின் சூடு தொண்டையில் இன்னும் ஆறவில்லை. இருந்தும் என் கை தானாகக் கவிழ்ந்தது.

ஜனவரி 22

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் என் தம்ளரை வெந்நீரில் கழுவி, தனியாகக் கவிழ்த்து வைத்தேன். பர்வீன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 26

கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். விடுமுறை. நாள் முழுக்க ஆய்வேட்டு வேலை.

என் ஆய்வு, மாணவர்களுக்குப் பால்வினை நோய்களைப் பற்றி என்ன தெரியும் என்பது. பதில்களைத் தொகுக்கத் தொகுக்கச் சிரிப்பும் எரிச்சலும் வருகின்றன. யாருக்கு வரும் என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் லாரி டிரைவர்களுக்கு என்று எழுதியிருக்கிறார்கள். நம் நாடகம் நன்றாக வேலை செய்திருக்கிறது. ஒரு பையன் 'கெட்ட பெண்களுக்கு' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறான். 'எனக்கும் வரலாம்' என்பதைத் தேர்ந்தெடுத்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

'அறிகுறிகள் மறைந்துவிட்டால் நோய் குணமாகிவிட்டது என்று பொருளா?' என்பது பதினோராம் கேள்வி. ஆம் என்று எழுதியவர்களை எல்லாம் சிவப்புப் பேனாவால் சுழித்துக்கொண்டே போனேன்.

ஒரு நல்ல சேதி. உள்ளங்கைப் புள்ளிகள் சுத்தமாகப் போய்விட்டன. சோப்புத்தூள்தான். நான் சொன்னேன் இல்லையா. மனசு லேசாகிவிட்டது, இரண்டு மிட்டாய் கூடுதலாகத் தின்றேன்.

ஜனவரி 27

பதினோராம் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

பிப்ரவரி 2

நாடகத்துக்கு இன்னும் தகவல் வேண்டும் என்று பர்வீனிடம் சொல்லிவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். பால்வினை நோய்களுக்கான இடத்துக்குச் சுகவாழ்வு மையம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர், நாடகத்தில் நானே பலமுறை உச்சரித்திருக்கிறேன். அது எந்தத் தாழ்வாரத்தில் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. பலகையைப் பார்த்ததும், கண் டாக்டரைத் தேடி வந்தவள் மாதிரி எதிர்ப்பக்கம் நடந்துவிட்டேன். கண் பிரிவில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். ஒரு தாத்தா எந்தக் கண் என்று கேட்டார். இடது என்றேன்.

வெளியே வந்து சாத்துக்குடி ஜூஸ் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். ஆயிரக்கணக்கான பேரைப் பரிசோதனைக்குப் போகச் சொன்ன குழு எங்களுடையது. எங்களில் ஒருவராவது போயிருக்கிறோமா? நினைத்துப் பார்த்தேன். ஒருவர்கூட இல்லை.

பிப்ரவரி 6

போய்விட்டேன். முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, இருசக்கர வண்டியில் வந்தவள் மாதிரி.

ஆலோசகர் மேசையில் ஓர் அம்மா இருந்தாள். சண்முகசுந்தரி என்று பெயர்ப்பலகை. டிபன் டப்பாவை மூடி ஓரமாக வைத்துவிட்டு, "துப்பட்டாவ எடும்மா, வேர்க்குது பாரு" என்றாள். எடுத்தேன். உற்றுப் பார்த்தாள்.

"நீ நாடகத்துல டாக்டரா வார பிள்ளைல்லா? எம் மக காலேஜுக்கு வந்தீங்களே. நல்லாப் பேசுன."

பூமி பிளக்கக் கூடாதா என்று சொல்வார்களே, இன்று அந்தத் தரை சிமெண்டுத் தரை. நாடகத்துக்குத் தகவல் கேட்க வந்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் என்னைக் கைவிட்டது. பேச்சியம்மாளுக்குப் பேச்சு வரவில்லை. அழுகைதான் வந்தது.

அவள் தண்ணீர் செம்பை நகர்த்தி வைத்தாள். நான் அழுது முடித்த பிறகு எல்லாரிடமும் கேட்கும் கேள்விகளை என்னிடமும் கேட்டாள். கடைசியாக எப்போது, காண்டம் உண்டா இல்லையா, புண், தடிப்பு ஏதாவது வந்ததா. உள்ளங்கைப் புள்ளிகளைச் சொன்னேன், போய்விட்டன என்றும் சொன்னேன்.

"அது போவும்மா. போனா உள்ள போயிருக்குன்னு அர்த்தம். நாடகத்துல நீதான சொல்லுவ."

சொல்வேன். மூன்றாம் காட்சியில். ரத்தம் எடுத்துக்கொண்டு, மூன்று நாள் கழித்து வரச் சொன்னாள்.

மதுரையில் காண்டம் இல்லை. இதை இப்போதுதான் எழுதுகிறேன். நாடகத்தில் அதற்கும் ஒரு காட்சி இருக்கிறது. அதையும் நான்தான் எழுதினேன்.

பிப்ரவரி 9

சிபிலிஸ் இருக்கிறது. எச்.ஐ.வி. இல்லை. ஆனால் இன்னும் மூன்று மாதம் முழுதாக ஆகவில்லை, அதனால் மார்ச்சில் திரும்ப ஒருமுறை ரத்தம் கொடுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார்கள்.

முதலில் மருந்து உடம்புக்குச் சேருமா என்று கையில் சோதனை ஊசி. அரைமணி உட்கார வைத்துவிட்டுப் பிறகு இடுப்பில் இரண்டு பக்கமும் பென்சிலின். 'ஒரு ஊசி, கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான்' என்ற வசனத்தை எழுதியவள் யாரென்று தெரிந்தால் கன்னத்தில் ஒன்று வைக்கலாம். மருந்து இறங்கும்போது காலே மரத்துவிட்டது.

இந்த நோய்க்கு இது போதும், குணமாகிவிடும், சில வாரம் யாரோடும் சேராமல் இரு, பிறகு ரத்தத்தைத் திரும்பப் பார்ப்போம் என்றாள் சண்முகசுந்தரியக்கா. "எல்லாரோடயும் சேந்து உக்காந்து சாப்பிடலாமா?" என்று கேட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை, தாராளமா என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் கிளாட்வின் இருந்தான். எழுந்து இடம் கொடுத்தான். உட்கார முடியாது.

"இரு பேச்சி, நான் நிக்கேன்."

"எனக்கு நிக்கப் பிடிக்கும்."

"இது என்ன புதுசா வேண்டுதலா?"

காலியான சீட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேரும் நின்றுகொண்டே வந்தோம். பின்னால் இருந்த ஆள் கடைசியில் அதில் உட்கார்ந்துகொண்டார். கிளாட்வினின் சட்டையில் வெயில் மணம் இருந்தது. ஒரு சாண் தூரம்தான். அந்தத் தூரத்திலேயே பல்கலைக்கழகம் வரை நின்றேன்.

பிப்ரவரி 14

நூலகத்தில் என் பைக்குள் அவன் ஒரு பொட்டலம் போட்டுவிட்டுப் போயிருந்தான். மக்ரூன். ஊரில் இருந்து வந்ததாம். பர்வீனுக்குக் கொடுக்காமல் தின்றேன்.

பிப்ரவரி 19

சைக்கிள் நிறுத்தத்தில் வழி மறித்தான். அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"ஒரு வார்த்த கேக்கேன். மிச்சத்தக் கீழ ஊத்துத. தண்ணி பாட்டில ஒளிச்சு வைக்க. பக்கத்துல உக்காரச் சொன்னா நிக்க. இல்லன்னு சொல்லணும்னா வாயத் தொறந்து சொல்லு." அவன் முகம் மாறியது. "எனக்கு ஏதாவது சீக்குன்னு நினைக்கியா பேச்சி? எவனாவது ஏதும் சொன்னானா?"

"உனக்கு இல்ல. எனக்கு."

சொல்லிவிட்டேன். சபரி, மதுரை, ஊசி, மார்ச்சில் எடுக்க வேண்டிய ரத்தம், எல்லாம். ஒரு சைக்கிளின் மணியை நெருடிக்கொண்டே சொன்னேன். எச்சில் கிளாசால் வராது என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் உனக்குக் கொடுக்கக் கை வரவில்லை, உனக்கு ஒன்று ஆகிவிடக் கூடாது என்ற பயம் நான் படித்ததையெல்லாம் முந்திக்கொண்டது என்றும் சொன்னேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. ஏதாவது சொல்வான் என்று நின்றேன். திட்டினாலும் சரி. "சரி. வாரேன்" என்றான். வண்டிச் சாவி கீழே விழுந்தது, எடுத்துக்கொண்டு போனான்.

பிப்ரவரி 20

வகுப்புக்கு வரவில்லை.

பிப்ரவரி 23

வரவில்லை. ஒத்திகைக்கும் வரவில்லை. போன் அடித்து ஓய்கிறது. நூலகத்தில் அவன் வழக்கமாக உட்காரும் மேசையில் முதலாமாண்டுப் பையன் ஒருவன் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பிவிட வேண்டும் போல இருந்தது.

பர்வீனிடம் சொன்னேன். எல்லாவற்றையும். கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள் எழுந்துபோய், தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த என் தம்ளரில் தண்ணீர் மொண்டு குடித்தாள்.

"இனிமே தனித் தம்ளர் கிம்ளர்னு வச்ச, வெளக்குமாறு பிஞ்சிரும்" என்றாள். அப்புறம், "அவன் போனா போறான்ட்டி, சவம்" என்றும் சொன்னாள்.

போனால் போகட்டும் என்று என்னால் இருக்க முடியவில்லை. எனக்கு அவன் வேண்டும். எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை. வேனில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும். அவன் சீட்டியடித்துக்கொண்டு மாடிப்படி ஏறும் சத்தம் வேண்டும். தொடக்கூட வேண்டாம், எதிரில் இருந்து டீ குடித்தால் போதும். ஜனவரியில் சொல்லியிருக்க வேண்டிய ஒரு சொல்லைக் காயப்போட்டேனே, காய்ந்தது நான்தான்.

மார்ச் 1

கதையை மாற்றிவிட்டேன். லாரி டிரைவரை எடுத்துவிட்டேன். இப்போது நோயாளி பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண். காதலித்தவனோடு பழகியவள், கெட்டவளுமில்லை முட்டாளுமில்லை. நான்தான் நடிக்கிறேன்.

துறைத் தலைவர் ஹெப்சிபா மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார்கள்.

"யுனிவர்சிட்டிப் பொண்ணுன்னு போடணுமாம்மா? லாரி டிரைவர்னா எல்லாருக்கும் பழகிருச்சு."

"அதான் மேடம். பழகிருச்சு. சிரிச்சிட்டு எந்திரிச்சுப் போயிருதாங்க."

மேடம் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. "கோட்டு யாருக்கு?" என்று மட்டும் கேட்டார்கள்.

"கிளாட்வினுக்கு."

"அவன் ஒத்திகைக்கே வரலியே."

"வருவான் மேடம்."

எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. வசனத்தை அவனுக்கு அனுப்பினேன். படித்துவிட்டான் என்று போன் காட்டியது. பதில் இல்லை.

மார்ச் 5

விடுதியில் கத்தரிக்காய்.

மார்ச் 8

மகளிர் தினம். எங்கள் கலையரங்கிலேயே கடைசி நாடகம். பர்வீன் கோட்டை மாட்டிக்கொண்டு வசனத்தைக் கையில் எழுதிக்கொண்டிருந்தாள், அவன் வராவிட்டால் அவள்தான் டாக்டர். அப்போது கிளாட்வின் பின்பக்கக் கதவால் வந்தான். இளைத்திருந்தான். யாரையும் பார்க்காமல் பர்வீனிடம் கையை நீட்டினான், அவள் கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அவனுக்கு அது தோளில் பிடித்தது.

நான் மேடையேறி, "எம் பேரு வேண்டாம். நான் இதே யுனிவர்சிட்டியிலதான் படிக்கேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எத்தனையோ மேடையில் எத்தனையோ சிரிப்பைக் கேட்டவள் நான், அந்த அமைதி எனக்குப் புதிது. முன்வரிசையில் ஒரு பெண் தன் பேனா மூடியைக் கடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

டீக் காட்சி வந்தது. நான் பாதி குடித்துவிட்டு கிளாசை மேசையில் வைத்தேன். அவனுக்கு எல்லாம் தெரியும். மேடையில் உள்ள பெண்ணைப் பற்றியும் தெரியும், என்னைப் பற்றியும் தெரியும். கிளாசை எடுத்தான். வழக்கமான "ச்சீ" பெண்கள் பக்கம் இருந்து மெதுவாக எழுந்தது. அவன் அவசரப்படவில்லை, நான் வாய் வைத்த பக்கமே திருப்பிக் குடித்தான். கைதட்டினார்கள். நான் கையைத் தட்டக் கூடாது, நான் நோயாளி. உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் பின்னால் தண்ணீர் டிரம் பக்கம் வந்தான். கையில் அதே கிளாஸ். அடியில் ஒரு மடக்கு.

"மிச்சம் வச்சிருக்கேன். குடிக்கதுக்கு முன்ன ஒண்ணு கேட்டுக்க."

டிரம்மின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பி.ஏ. மூன்றாம் வருடம், நண்பர்களோடு சென்னைக்குப் போனபோது. பழக்கமில்லாத ஒருத்தி. ஒரே ஒரு தடவை. காண்டம் இல்லை.

"அதுக்கப்புறம் நாடகத்துல சேந்தேன். மேடையில அத்தன தடவ நோயாளியா நின்னேன் பேச்சி. ஒரு ஊசி குத்திப் பாக்கத் தெம்பில்ல. காய்ச்சல் வந்தாக்கூட அதுவா இருக்குமோன்னு படுத்துக் கெடப்பேன். நீ அன்னைக்கு சைக்கிள் ஸ்டாண்டுல சொன்னேல்லா, உன்ன நெனச்சு ஓடல. என்னைய நெனச்சு ஓடினேன். நீ போயிப் பாத்துட்ட. நான் பாக்கல. உன் முன்னால நிக்க வெக்கமா இருந்துச்சு."

கிளாஸ் என் கையில் இருந்தது. உண்மையை எழுதுகிறேன். எனக்குள் "ச்சீ" என்றது. பெண்கள் பக்கம் இருந்து வந்த அதே சத்தம், என் தொண்டைக்குள். யார் அவள், எப்படிச் சிரித்தாள், அவள் தலையில் பூ இருந்ததா என்றெல்லாம் கேட்கத் தோன்றியது. நான் அவனிடம் மதுரையைச் சொன்னபோது அவனும் இப்படித்தான் ஒருவனைக் கற்பனை செய்திருப்பான் என்று அப்புறம்தான் உறைத்தது. அவன் எதையும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

குடித்தேன். ஆறிப்போயிருந்தது. மேலே ஆடை, அடியில் கரையாத சர்க்கரை. இவ்வளவு நாள் தரையில் ஊற்றிய அத்தனை மடக்கையும் நினைத்து வயிறு எரிந்தது.

மார்ச் 12

காலையில் பர்வீன் என்னையும் கிளாட்வினையும் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்றிவிட்டாள். குழுவில் மற்றவர்கள் வியாழக்கிழமை போகிறார்கள், அவளும் அவர்களோடு போகிறாள். மேடத்திடம் சொல்லி ஏற்பாடு. இனி நாடகம் போடுகிறவர்கள் முதலில் பரிசோதனை செய்துகொண்டுதான் மேடையேற வேண்டும் என்று நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். அடுத்த வருடப் பிள்ளைகள் என்னைத் திட்டட்டும்.

நான் துப்பட்டாவைச் சுற்றிக்கொள்ளவில்லை. சண்முகசுந்தரியக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க டாக்டரம்மா. இன்னைக்குப் பேஷண்டோடயா?"

நான் முதலில் ரத்தம் கொடுத்தேன். முடிவுக்குக் காத்திருக்கச் சொன்னார்கள். பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். இந்தத் தடவை உட்கார முடிந்தது. கிளாட்வின் தன் எண்ணைக் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தான்.

"நீ இன்னும் பதில் சொல்லல" என்றான்.

"முடிவு வரட்டுமே. எனக்கும் வரணும், உனக்கும் வரணும்."

"வந்த பொறவு எல்லாரும் சொல்லுவாங்க. அதுக்கு முன்னதான் கேக்கேன்."

எதிர்ச் சுவரில் ஒரு பல்லி, அதைப் பார்த்தேன். அவன் ஏப்ரலில் ஒடிசாவுக்குப் போய்விடுவான். எனக்கு ஆய்வேடு பாக்கி, வீட்டில் அம்மாவிடம் இவன் பெயரைச் சொல்வதே தனி நாடகம். எந்தக் காகிதத்தில் என்ன வரும் என்று தெரியாது. எல்லாம் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தால் நான் எப்போதும் சொல்ல மாட்டேன்.

"உண்டு" என்றேன்.

அப்போது உள்ளேயிருந்து அவன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. "நான் வேணா நாளைக்கு வரட்டா?" என்றான். சிரிக்கப் பார்த்தான், உதடு ஒத்துழைக்கவில்லை. முதல்முறையாக அவன் கையைப் பிடித்தேன். பச்சைத் தண்ணீரில் வைத்த கை மாதிரி சில்லென்றிருந்தது. இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள்.

மேடை மேடையாக நான் சொன்ன வசனம் ஒன்று உண்டு, பின்வரிசைக்குக் கேட்கும்படி. கோட்டு இல்லாமல், மைக் இல்லாமல், அவன் காதருகே குனிந்து அதைச் சொன்னேன். "பயப்படாத. ஒரு ஊசி, கொஞ்சம் ரத்தம்." அவ்வளவுதான் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக்கூடக் கேட்டிருக்காது. அவன் எழுந்து உள்ளே போனான்.